கடன் வாங்கிய இருமல்

"வா" என்று தன் வாயால் ஒரு தடவைகூடச் சொல்லாமல், பெண்டாட்டியை ஊரிலிருந்து வரவழைத்தே தீருவது என்று டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் பல் தேய்த்துக்கொண்டே தீர்மானம் செய்தார். பெரிய தீர்மானங்களை எல்லாம் அவர் பல் தேய்க்கும்போதுதான் செய்வார். வாய் நிறைய நுரை இருப்பதால் அவசரப்பட்டு யாரிடமும் உளறிவிட முடியாது என்பது அதில் ஒரு வசதி.

வா என்று சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று நீங்கள் கேட்கலாம். குறையும். அவள் கிளம்பிய அன்று பஸ் நிலையத்தில் அவர் அடித்த ஜம்பம் கொஞ்ச நஞ்சமில்லை.

"நீ பாட்டுக்குப் போ. நான் என்ன பச்சைக் குழந்தையா?"

"சளிக் குழலை ஒழுங்கா ஊதுவீங்களா?"

"ஊதுவேன்."

"நிமிர்ந்து உக்காந்து ஊதணும். சாய்வு நாற்காலியில சரிஞ்சுக்கிட்டு ஊதக் கூடாது."

"ஊருக்கே வண்டி ஓட்டக் கத்துக் குடுக்கிறவன் நான். என் நெஞ்சை நான் ஓட்டிக்க மாட்டேனா? நீ ஏறு."

அவள் ஏறவில்லை. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "வேற ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டாள்.

"ஜன்னல் ஓரமா உக்காரு" என்றார் மாஸ்டர்.

பஸ் நகர்ந்தது. மாஸ்டரின் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. அவருடைய காரில் அவர் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் மின்கம்பத்தைக் கட்டித் தழுவப் போகும் நேரத்தில் அவர் அழுத்துவது அதைத்தான். வருஷக்கணக்கான பழக்கம். இப்போது காலுக்கு அடியில் வெறும் தரைதான் இருந்தது. பஸ் நிற்கவில்லை.

அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். தெருவில் எல்லோருக்கும் அவள் விசில் டீச்சர். வேறொரு ஊரில் பெண்கள் கைப்பந்து அணிக்குப் பயிற்சி கொடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். சில மாதங்கள் அங்கேயே தங்க வேண்டும். போன முறை கூப்பிட்டபோது மாஸ்டர் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டதால் அவள் முடியாது என்று சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு அன்றைக்கெல்லாம் துவைத்த துணியையே மறுபடி துவைத்துக்கொண்டிருந்தாள். அதை மாஸ்டர் பார்த்திருந்தார். அதனால்தான் இந்த முறை முந்திக்கொண்டு "போ போ" என்றார். போகச் சொன்ன வாயால் வா என்று எப்படிச் சொல்வது?

மாஸ்டரின் நெஞ்சைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். சின்ன வயதில் வந்த நிமோனியாக் காய்ச்சல், போகும்போது இடது நுரையீரலின் அடிப்பாகத்தைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. அங்கே மூச்சுக்குழாய்கள் தொளதொளவென்று விரிந்துவிட்டன. டாக்டர் காகிதத்தில் படம் போட்டு விளக்கினார். மாஸ்டருக்குப் புரியவில்லை. டாக்டர் பேனாவை மூடிவிட்டு, "ரோட்டுப் பள்ளத்துல மழைத்தண்ணி தேங்குதில்ல? அது மாதிரி உங்க நெஞ்சுல சளி தேங்குது. பள்ளத்தை மூட முடியாது. தினமும் இறைச்சுக்கிட்டே இருக்கணும்" என்றார். பள்ளம் என்றதும் மாஸ்டருக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. இறைக்காமல் விட்டால் கிருமி சேரும், காய்ச்சல் வரும், மறுபடி ஆஸ்பத்திரிக் கட்டில்.

இறைக்கும் வித்தையைச் சொல்லிக்கொடுத்தது பிசியோதெரபிப் பெண். அளவெடுத்துச் சட்டை தைப்பதுபோல அவர் நெஞ்சுக்கென்றே ஒரு முறையை வகுத்துக் கொடுத்தாள். முதலில் உப்புத்தண்ணீரை ஆவியாக்கும் மிஷினை முகத்தில் பிடிக்க வேண்டும். பிறகு இடுப்புக்கு அடியில் தலையணை வைத்து, சுவரைப் பார்த்து வலது பக்கமாகப் படுக்க வேண்டும். பின்னால் ஒருவர் உட்கார்ந்து, கையைக் குழித்து இடது விலாவில் தட்ட வேண்டும். அப்புறம் மெதுவாக மூச்சு இழுத்து, கொஞ்சம் நிறுத்தி, கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல ஒரு "ஹா". அந்த ஹாவை மட்டும் மாஸ்டர் முதல் நாளே பிடித்துக்கொண்டார். காரின் பக்கக் கண்ணாடியை அவர் துடைப்பதே அப்படி ஊதித்தான்.

தட்டுகிறவள் விசில் டீச்சர். கேட்க வேண்டுமா? தினமும் காலையில் அந்தப் படுக்கையறை பள்ளிக்கூட மைதானமாகிவிடும்.

"படு! திரும்பு! தலையணையைக் கீழே தள்ளு! இழு, நிறுத்து, ஹா!"

மாஸ்டர் வெளியில் அலுத்துக்கொள்வார். உள்ளுக்குள் அவருக்கு அந்த நேரம்தான் நாள் முழுவதும் கிடைத்ததிலேயே நல்ல நேரம். முகத்துக்கு முகம் பார்த்துப் பேசினால் அந்த வீட்டில் எந்தப் பேச்சும் சீக்கிரமே சண்டையில் போய் முட்டிக்கொள்ளும். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டும் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டும் இருந்தால் மட்டும் பேச்சு தானாக வரும். மற்ற வீடுகளில் புருஷனின் முதுகுக்குப் பின்னால் என்னென்னவோ பேசுகிறார்கள். இவள் முதுகோடு பேசினாள். பயமில்லாமல் எகிறிக் குதிக்கும் ஒரு மாணவியைப் பற்றி, தன் முழங்கால் வலியைப் பற்றி, மாற்ற வேண்டிய திரைச்சீலையைப் பற்றி. ஒரு நாள், அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது மாடிப்படியில் உட்கார்ந்து அழுததைப் பற்றிச் சொன்னாள். மூச்சுக் கணக்கு தப்பிவிடும் என்பதால் மாஸ்டர் எல்லாவற்றுக்கும் "ம்" என்று மட்டும் சொல்லுவார். அந்த "ம்"முக்குள் அவர் எவ்வளவோ வைத்திருந்தார். வெளியே எடுக்கத்தான் தெரியவில்லை.

அவள் ஊருக்குப் போவது முடிவானதும் பிசியோ பெண் முறையை மாற்றிவிட்டாள். ஒரு பிளாஸ்டிக் குழலைக் கையில் கொடுத்தாள். உள்ளே ஒரு இரும்புக் குண்டு. ஊதினால் குண்டு எகிறி எகிறிக் குதிக்கும். அந்த அதிர்வில் நெஞ்சுக்குள் ஒட்டிக்கொண்டிருப்பது அசைந்து மேலே வரும்.

"இதை ஊதினாப் போதும் அங்கிள். இனிமே உங்களுக்கு யாரும் தட்ட வேண்டாம். ஆளே தேவையில்ல!" என்று அந்தப் பெண் சந்தோஷமாகச் சொன்னாள்.

ஒரு மனுஷனைப் பார்த்துச் சொல்லும் பேச்சா இது? மாஸ்டர் அந்தக் குழலுக்கு அன்றே பீப்பி என்று பெயர் வைத்து வெறுக்க ஆரம்பித்தார். வெறுத்தாலும் ஒரு வேளை விடாமல் ஊதினார். பீப்பி கடகடவென்று ஆடியது, சளி வந்தது, எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஆனால் பீப்பி திரைச்சீலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

டீச்சர் தினமும் காலையில் போன் செய்வாள். பின்னால் பெண்கள் கூச்சல் போடும் சத்தமும் பந்தைத் தட்டும் சத்தமும் கேட்கும். அந்தக் கை இப்போது பந்தைத் தட்டிக்கொண்டிருக்கிறது! வாழ்க்கையில் முதன்முறையாக மாஸ்டருக்கு ஒரு பந்தின்மேல் பொறாமை வந்தது.

"ஆச்சா?"

"ஆச்சு."

"ஒழுங்கா வந்ததா?"

"வந்தது."

"சரி. வேற ஏதாவது சொல்லணுமா?"

"ஒண்ணுமில்ல."

தினமும் இவ்வளவுதான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துத்தான் மாஸ்டர் அந்தப் பல் தேய்க்கும் தீர்மானத்துக்கு வந்தார். திட்டம் சுலபமானது. போனில் இருமுவது. பதறி அடித்துக்கொண்டு ஓடி வருவாள். வா என்று சொல்ல வேண்டியதே இல்லை.

மறுநாள் போன் வந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு, தன்னால் முடிந்த அளவுக்குப் பரிதாபமான ஒரு இருமலை அவிழ்த்துவிட்டார்.

"தண்ணி குடிங்க" என்றாள் டீச்சர்.

"தண்ணியா? நெஞ்செல்லாம் அடைச்சுக்கிட்டுக் கெடக்கு, தண்ணி குடிங்கற."

"நெஞ்சுல இருந்து வந்தா ஈரமா வரும். இது தொண்டையில இருந்து வருது. அதோட, நீங்க ரெண்டு தடவை இருமுவீங்க, நடுவுல ஒரு க்கும் போடுவீங்க, அப்புறம் மூணாவதா ஒண்ணு இருமுவீங்க. இதுல க்கும் எங்க போச்சு?"

"இருமறதுக்குக்கூட ஒரு கையெழுத்தா?"

"பொண்ணுங்க காத்துக்கிட்டிருக்காங்க. வெச்சிடறேன்."

அடுத்த நாள் க்கும் சேர்த்து இருமினார். அவசரத்தில் க்கும் முதலிலேயே வந்துவிட்டது. அந்தப் பக்கத்தில் அவள் சிரித்தாளா, யாரோ பெண் சிரித்தாளா என்று தெரியவில்லை.

கோளாறு எங்கே என்றால், நெஞ்சு சுத்தமாக இருந்தது. அந்தப் பாழாய்ப்போன பீப்பி நன்றாக வேலை செய்தது. முன்பெல்லாம் மாஸ்டர் காரில் இருமினால், ஓட்டக் கற்றுக்கொள்ளும் பல் டாக்டரம்மா அதைச் சைகை என்று நினைத்து நடுரோட்டில் பிரேக் போட்டுவிடுவார். இப்போது வண்டி வழுக்கிக்கொண்டு போகிறது. "ரொம்பத் தேறிட்டீங்க மாஸ்டர்!" என்று அந்தம்மா பாராட்ட, மாஸ்டருக்கு வயிறு எரிந்தது.

நாலு நாள் ஊதாமல் விட்டால் உண்மையான இருமலே வந்துவிடும் என்பது அவருக்குத் தெரியாமலில்லை. பீப்பியைக் கையில் எடுத்து, அலமாரிக்குள் வைத்து, கதவைக்கூடச் சாத்திப் பார்த்தார். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவள் முகம் ஞாபகத்துக்கு வந்தது. அந்த முகத்தை இன்னொரு தடவை பார்க்க அவருக்குத் தெம்பில்லை. அலமாரியைத் திறந்து, பீப்பியை எடுத்து, நிமிர்ந்து உட்கார்ந்து ஊதினார். பொய் சொல்லலாம், ஆனால் நோயை விருந்துக்குக் கூப்பிடக் கூடாது என்று மனசுக்குள் ஒரு கோடு போட்டுக்கொண்டார்.

அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கம் அந்த இருமல் கேட்டது.

அடேயப்பா, என்ன இருமல்! பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெருவில் புகைவண்டி என்று பெயர். எப்போதும் புகை விடுவார்; காலையில் இருமத் தொடங்கினால் ஸ்டேஷனை விட்டு ரயில் கிளம்புவது போலவே இருக்கும். நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சத்தம் போடக் கூடாத இடத்தில் அத்தனை வருஷம் அடக்கி வைத்த இருமலை எல்லாம் இப்போது வட்டியோடு இருமித் தீர்த்துக்கொண்டிருந்தார். மனைவி காலமாகிவிட்டாள். தனி ஆள்.

மாஸ்டர் போய்க் கதவைத் தட்டினார்.

"உங்களால ஒரு உதவி ஆகணும்."

"சொல்லுங்க மாஸ்டர்."

"ஒரு இருமல் வேணும்."

புகைவண்டி எதற்கும் அசராதவர். "எப்படிப்பட்டது?" என்று மட்டும் கேட்டார், புத்தகம் கேட்டு வந்தவரை விசாரிப்பதுபோல.

"ஈரமா இருக்கணும். நெஞ்சுல இருந்து வரணும்."

"நம்மகிட்ட இருக்கறது எல்லாமே ஈரம்தான்."

விஷயத்தை முழுவதும் கேட்டுவிட்டு, "டீச்சரம்மாவை வரச் சொல்லி நேராவே கேட்டா என்ன?" என்றார்.

"அது முடியாது."

"ஏன்?"

"பழக்கமில்ல."

"நெஞ்சு நல்லா இருக்கே. அப்புறம் எதுக்கு அவங்களை வரவழைக்கறீங்க?"

மாஸ்டர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவ தட்டற கை வேணும். ஆயிரம் பேர் தட்டினாலும் எது அவ கைன்னு என் முதுகு சொல்லிடும். அது இல்லாம முதுகு ஒரு மாதிரி இருக்கு."

புகைவண்டி சிகரெட்டை அணைத்தார். "வேடிக்கையைப் பாத்தீங்களா மாஸ்டர். என்கிட்ட இருமல் இருக்கு, கேக்கறதுக்கு ஆளில்ல. உங்களுக்குக் கேக்கறதுக்கு ஆளிருக்கு, இருமல் இல்ல."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்று மாஸ்டர் கேட்டு வைத்தார்.

"யாருக்காகக் காட்டறது? விடுங்க. அந்த க்கும் எங்க வரணும்னு சொன்னீங்க?"

ஒத்திகை மும்முரமாக நடந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாஸ்டரின் படுக்கையறையில் இரண்டு பேரும் தயாராக உட்கார்ந்தார்கள். கட்டிலின்மேல் போன், சத்தமாகக் கேட்கும்படி. டீச்சர் எடுத்ததும் மாஸ்டர் கண்ணைக் காட்டினார். புகைவண்டி கிளம்பியது. இரண்டு இருமல், ஒரு க்கும், மூன்றாவது இருமல். அதற்கு மேல் அது யாருடைய கட்டுப்பாட்டிலும் இல்லாமல் ஓடிக்கொண்டே போனது. கடைசியில் ஒரு வழியாக நின்றது.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"கேக்குதா?" என்றார் மாஸ்டர், தீனமாக.

"எவ்வளவு நாளா இப்படி இருக்கு?" டீச்சரின் குரல் மாறியிருந்தது. மாஸ்டருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எவ்வளவு கவலை!

"நாலஞ்சு நாளா."

"மாசமா" என்று உதட்டை மட்டும் அசைத்தார் புகைவண்டி.

"உண்மையைச் சொல்லுங்க."

"நாலஞ்சு மாசமாவே லேசா இருந்தது" என்று மாற்றிக்கொண்டார் மாஸ்டர்.

"சளி என்ன நிறம்?"

மாஸ்டர் புகைவண்டியைப் பார்த்தார். புகைவண்டி ஜன்னலுக்கு வெளியே இருந்த மரத்தைக் காட்டினார்.

"பச்சை."

"மாடி ஏறினா மூச்சு வாங்குதா?"

புகைவண்டி தலையாட்டினார். "வாங்குது."

"நிம்மதியாத் தூங்க முடியுதா?"

புகைவண்டி தலையை ஆட்டாமல் கீழே குனிந்துகொண்டார்.

"முடியல" என்றார் மாஸ்டர். அதைச் சொல்லும்போது அவர் குரல் உண்மையிலேயே இறங்கிவிட்டது.

"பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுங்க. முதுகைத் தட்டச் சொல்லுங்க. நான் கேக்கணும்."

"அவரா? அவர் எங்கயாவது வெளியில..."

"அவர் எங்கயும் போக மாட்டார். கூப்பிடுங்க."

புகைவண்டி ஓசைப்படாமல் எழுந்து, வாசல் கதவைத் திறந்து, ஓசைப்படச் சாத்திவிட்டு, "கூப்பிட்டீங்களா மாஸ்டர்?" என்றபடி திரும்பி வந்தார். நூலகத்தில் இருந்த ஆளா, நாடகக் கம்பெனியில் இருந்த ஆளா என்று மாஸ்டருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

மாஸ்டர் படுத்தார். முதுகில் படீரென்று ஒரு அடி விழுந்தது.

"ஐயோ!"

"கதவையா தட்டறார்? கையைக் குழிக்கச் சொல்லுங்க. தண்ணி அள்ளற மாதிரி."

மறுபடி படீர். கை குழியவே இல்லை. மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. எழுந்து, புகைவண்டியைப் பிடித்துப் படுக்க வைத்து, 'இப்படி' என்று கையைக் குழித்துக் காட்டித் தட்டினார். பொக், பொக், பொக் என்று உருண்டு திரண்ட சத்தம். எத்தனை வருஷம் வாங்கிய முதுகு! எங்கே, எவ்வளவு அழுத்தம் என்று கைக்குத் தானாக வந்தது.

"ஆங், இதுதான்! நல்லாத் தட்டறாரே. அப்படியே தட்டச் சொல்லுங்க" என்றாள் டீச்சர்.

மாஸ்டர் பெருமையோடு தட்டினார். திடீரென்று புகைவண்டிக்கு ஒத்திகையில் இல்லாத ஒரு இருமல் வந்தது. கண்ணில் தண்ணீர் வர இருமி, கழிப்பறைக்கு ஓடி, துப்பிவிட்டுத் திரும்பி வந்து, "அப்பாடா" என்றார்.

"அப்பாடா" என்று மாஸ்டரும் அவசரமாகத் தன் குரலில் சொல்லிவைத்தார்.

"நாளைக்குக் காலையில வரேன்" என்று சொல்லி டீச்சர் போனை வைத்துவிட்டாள்.

மாஸ்டர் புகைவண்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கே திரைச்சீலையை மாற்றினார். தரையைத் துடைத்தார். இடுப்புக்கு வைக்கும் தலையணைக்குப் புது உறை போட்டார். காலையில் மட்டும் நோயாளியின் களை வர வேண்டும் என்பதற்காகச் சவரம் செய்துகொள்ளாமல், கிழிந்த பனியனோடு வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

டீச்சர் பையோடு வந்தாள். வெயிலில் கறுத்து, பத்து வயது குறைந்திருந்தாள். அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"கோலம் நல்லாயிருக்கு. கொஞ்சம் நகருங்க."

பையை அவர் கையில் கொடுத்துவிட்டு நேராகப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"சட்டையைப் போடுங்க. டாக்டர்கிட்ட போறோம்."

"நானா? மாஸ்டருக்குத்தான் டீச்சரம்மா..."

"பச்சைச் சளி யாருக்கு?"

புகைவண்டி மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் கூரையைப் பார்த்தார்.

"தினமும் காலையில அந்த இருமலைக் கேட்டுத்தான் நான் எந்திரிப்பேன்" என்றாள் டீச்சர். "போன்ல கேட்டா தெரியாதா? முன்னாடி இவ்வளவு மோசமா இல்ல. ஏங்க, வண்டியை எடுங்க."

வண்டியை மாஸ்டர்தான் ஓட்டினார். பின் சீட்டில் அவளும் புகைவண்டியும். அவள் அவருடைய மாத்திரை, சாப்பாடு, தூக்கம் என்று வழி முழுவதும் கேட்டுக்கொண்டே வந்தாள். கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டிய மாஸ்டர், சிவப்பு விளக்கில் நிற்க மறந்து திட்டு வாங்கினார்.

படம் எடுத்துப் பார்த்த டாக்டர், இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் ஆபத்தில் முடிந்திருக்கும் என்றார். மருந்து எழுதிக் கொடுத்தார். சிகரெட்டைக் குப்பைத்தொட்டியில் போடச் சொன்னார். பிசியோ பெண் புகைவண்டிக்கென்று தனியாக ஒரு முறை வகுத்தாள். இவருக்குத் தொல்லை வலது பக்கம்; அதனால் இடது பக்கமாகப் படுக்க வேண்டும். மாஸ்டரின் பீப்பி இவருக்கு இப்போதைக்கு ஒத்துவராது. ஒருவர் தட்ட வேண்டும்.

"வீட்டுல யார் இருக்காங்க?" என்று கேட்டாள்.

புகைவண்டி மருந்துச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"இவர் இருக்கார்" என்று டீச்சர் மாஸ்டரைக் காட்டினாள். "கை நல்லாக் குழியுது. போன்லயே கேட்டேன்."

அன்று மத்தியானம் சாப்பிட்டதும் டீச்சர் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் பொக், பொக் என்று சத்தம் கேட்க ஆரம்பித்தது. நின்றது. மறுபடி கேட்டது. "இன்னும் குழிங்க" என்றோ என்னவோ அவள் குரல். மாஸ்டர் இந்தப் பக்கம் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். திட்டம் போட்டது யார், திரைச்சீலை மாற்றியது யார், முதுகு கொடுத்துச் சுகமாகப் படுத்திருப்பது யார்! பீப்பியை எடுத்துக் கோபமாக ஊதினார். குண்டு கடகடவென்று குதித்தது.

மறுநாள் மத்தியான பஸ்ஸுக்கு அவள் திரும்ப வேண்டும். காலையில் மாஸ்டர் பனியனைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் வந்து உட்கார்ந்தார். டீச்சர் அவர் முதுகில் காதை வைத்துக் கேட்டாள். அந்தக் காது பட்ட இடத்தில் மாஸ்டருக்கு எல்லாமே மறந்துபோனது.

"கண்ணாடி மாதிரி இருக்கு. தட்டவே வேண்டியதில்ல" என்று அவள் எழுந்துவிட்டாள்.

"இருந்தாலும்..."

"இருந்தாலும்?"

"ஒரு தடவை தட்டேன். தேவையில்லாட்டியும்."

டீச்சர் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு விசிலை வாயில் வைத்து மெதுவாக ஒரு ஊது ஊதினாள். "படு! திரும்பு!"

மாஸ்டர் படுத்தார், திரும்பினார், கண்ணை மூடிக்கொண்டார். பின்னால் கட்டில் அமுங்கியது. பொக், பொக் என்று தட்டு விழுந்தது. ஆகா, இதுதான், இந்தக் கைதான்! தொண்டைக்குள் ஏதோ திரண்டு வந்தது. அது சளி இல்லை.

"அந்தப் பீப்பி நல்லாத்தான் வேலை செய்யுது" என்று சுவரிடம் ஆரம்பித்தார். "சளியெல்லாம் வந்துடுது. ஆனா வீட்டுல ஒரு பேச்சுச் சத்தமில்ல. நீ சொல்றதுக்கெல்லாம் நான் ம்முன்னு சொல்லிக்கிட்டுக் கெடந்தேன். இப்ப ம்முன்னு சொல்லக்கூட ஆளில்ல. போன்ல அந்தப் பொண்ணுங்களோட உன் சத்தத்தைக் கேக்கும்போது நீ சந்தோஷமா இருக்கேன்னு தெரியுது. அதனாலதான் வான்னு கூப்பிட வாய் வரல. கூப்பிடாம இருக்கவும் முடியல. இருமல் எல்லாம் பொய். நீ இல்லாம எனக்கு முடியல. அதுதான் நெஜம். முழுசா வர வேண்டாம். நடுவுல ஒரு நாளாவது வா."

தட்டு நின்றது.

"ஏன் நிறுத்திட்டே?"

"எனக்குக் கூச்சமா இருக்கு மாஸ்டர்" என்றார் புகைவண்டி.

மாஸ்டர் துள்ளி எழுந்து உட்கார்ந்தார். டீச்சர் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். விசில் வாயில் இருந்தது. ஊதவில்லை. கண் இரண்டும் நனைந்திருந்தன.

"நீங்க அவர்கிட்ட இருமலைக் கடன் வாங்கினீங்க. நான் கையைக் கடன் வாங்கினேன்" என்றாள். "நேத்து மத்தியானம் பூரா அவரைத் தலையணையில தட்டப் பழக்கினேன். ஆயிரம் பேர் தட்டினாலும் எது என் கைன்னு உங்க முதுகுக்குத் தெரியுமாமே?"

"யார் சொன்னது?"

இந்த முறை கூரையைப் பார்த்தது புகைவண்டி.

"எனக்கு ஞாயித்துக்கிழமை லீவுதான்" என்றாள் டீச்சர். "நீங்க ஏதாவது சொல்வீங்கன்னு பஸ் ஏறும்போதும் கேட்டேன், தினமும் போன்லயும் கேட்டுக்கிட்டே இருந்தேன். வான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வாராவாரம் வந்திருப்பேன்."

மாஸ்டரின் வலது கால் தரையை அழுத்தியது. அழுத்தியபடியே, "வா" என்றார்.

"கேக்கல. சத்தமாச் சொல்லுங்க."

"வா. இந்த ஞாயித்துக்கிழமை வா."

"வரேன்." அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அதுவரைக்கும் தினமும் காலையில நீங்க அவருக்குத் தட்டணும். போன்ல கேட்டுக்கிட்டே இருப்பேன். சத்தம் மாறினா தெரிஞ்சிடும்." விசிலைப் பலமாக ஊதினாள். "இடம் மாறு!"

மாஸ்டர் எழுந்தார். புகைவண்டி தலையணையைச் சரிசெய்துகொண்டு இடது பக்கமாகத் திரும்பிப் படுத்தார். மாஸ்டர் கையைக் குழித்துத் தட்ட ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் பொக், பொக் என்ற சத்தம் மட்டும் கேட்டது.

"மாஸ்டர்," என்றார் புகைவண்டி, முகத்தைத் திருப்பாமலே. "நானும் ஏதாவது சொல்லணுமா?"